கடையில நாள் முழுக்க நிக்கிறேன், அது நடையில சேருமா? (கேன்சர் வைத்தியம் முடிஞ்சவுக சொல்லுங்க)

இட்லிக்கடை அக்கா, செல்லூர்:

எல்லாருக்கும் வணக்கம். மகன் இந்தக் குழுவக் காட்டிக் குடுத்தான். நான் வாயால சொல்லச் சொல்ல போனே எழுதிக்கிருது, எழுத்து அங்கிட்டு இங்கிட்டு இருந்தா பொறுத்துக்கங்க.

எனக்கு 51 வயசு. மதுரை செல்லூர்ல வீட்டு வாசல்லயே இட்லிக் கடை. போன வருசம் இடது மாருல கட்டி. மாரை எடுத்து, அக்குள்ல நெறிக்கட்டியவும் எடுத்துட்டாக. அப்புறம் கீமோ, அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு). எல்லாம் முடிஞ்சு இப்ப நோவு திரும்ப வராம இருக்க லெட்ரோசோல் மாத்திரை மட்டும் ஓடுது. மறு செக்கப் போனப்ப ஒரு பிள்ள அட்டையில பேப்பர வச்சுக்கிட்டு வந்து, "வாரத்துக்கு எத்தன நாள் உடற்பயிற்சி பண்றீங்கம்மா, எத்தன நிமிசம்?"னு கேட்டுச்சு. "நான் எங்கிட்டுத்தா பயிற்சி பண்ண, கடையில நிக்கிறேன்"னேன். அது பாட்டுக்கு சைபர்னு எழுதிட்டுப் போயிருச்சு. டாக்டரும் "நல்லா நடங்கம்மா"ன்னு ஒரே வார்த்தை. எம்புட்டுன்னு சொல்லல, எப்பன்னு சொல்லல. பின்னாடி வரிசை நின்னுச்சு, நானும் கேக்கல.

அந்த சைபர்தான் எனக்கு ஆறல. நோவு வர்றதுக்கு முந்தி வெள்ளன எந்திரிச்சு இட்லிக் கொப்பரைய அடுப்புல ஏத்துனா, ஏவாரம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக் கவுத்துனதுக்கு அப்புறந்தான் உக்காருவேன். மாவு வாளி தூக்குறது, கிரைண்டர் குழவியக் கழட்டிக் கழுவுறது, குழாயடியில குடம் பிடிக்கிறது, பாலத்து வழியா யானைக்கல்லுக்கு நடந்தே போயி வாழ இலைக்கட்டு வாங்கியாறது எல்லாம் நாந்தான். இப்ப அம்புட்டும் மருமக பாக்குது. எங்க அத்தை வாசல்ல கட்டில்ல உக்காந்துக்கிட்டு, நான் எந்திரிச்சாலே "ஏ, உக்காருத்தா, கை வீங்கிரும்"னு சத்தம். அவுக அக்கா மகளுக்கு இதே மாதிரி ஆபரேசன் ஆயி, கை வீங்கி, ரவிக்கைக் கையே நுழையாமப் போனதப் பாத்தவுக. அந்தப் பயம்.

அதுனால எனக்கு இப்ப கல்லாவும் சட்னி ஊத்துறதுந்தான். ஆனா அதுக்கே பத்து மணிக்கெல்லாம் அடிச்சுப் போட்டது மாதிரி ஆயிருது. ராத்திரி தூங்குனாலும் அசதி போகல. காலையில எந்திரிச்சா விரல் மடங்க மாட்டேங்குது, முட்டி பிடிச்சுக்கிருது.

கேக்குறது இதான். கடையில நிக்கிறது நடையில சேருமா சேராதா? இப்பவே அசந்து கிடக்குறவ நடந்தா இன்னும் அசந்துற மாட்டேனா? மறுபடி வாளி தூக்கலாமா, இல்ல ஆயுசுக்கும் கல்லாதானா?

இன்னொண்ணு, இத அனுபவிச்ச பொம்பளைக யாராச்சும் சொல்லுங்க. தெருவுல எப்படி நடக்குறது? முடி இப்பத்தான் கிராப்பா மொளச்சிருக்கு. ஒரு பக்கம் தட்டையா இருக்கு, மாராப்ப எம்புட்டு இழுத்துவிட்டாலும் தெரியுது. எதிர்ல வர்ற ஒவ்வொருத்தரும் நின்னு, ஒரு மூஞ்சியப் போட்டுக்கிட்டு "இப்ப எப்படிம்மா இருக்கு"ங்கிறாக. தெரு முனைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நாலு பேருக்கு வியாதிக் கதை சொல்ல வேண்டியிருக்கு.


திருமங்கலம் தம்பி:

அக்கா, தப்பா நினைக்காதீங்க, அத்தை சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. எங்க அம்மாவுக்கும் இதே நோய்தான். கீமோ நேரத்துல நாங்க கட்டில விட்டு இறங்கவே விடல, தண்ணி மொதக்கொண்டு கையில குடுத்தோம். கடை எங்கயும் ஓடிறாது. முட்டை, மாதுளைன்னு நல்லாச் சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க. ஒரு வருசம் கழிச்சு மெதுவா நடந்துக்கலாம்.


தெப்பக்குளம் டீச்சர்:

தம்பி, அம்மாவை அப்படித் தாங்கியிருக்கீங்க, நல்ல பிள்ளை. ஆனா அதுக்கப்புறம் அவங்க மாடிப்படி ஏற எவ்வளவு நாளாச்சுன்னும் எழுதியிருந்தா கணக்கு முழுசா இருந்திருக்கும்.

தங்கச்சி, நான் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். எனக்கு வலது பக்கம். வைத்தியம் முடிஞ்சு வருஷங்கள் ஓடிப்போச்சு. காலையில வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்துற கும்பல்ல நானும் ஒருத்தி.

முதல்ல அந்த சைபர். அது தப்புதான். உலக சுகாதார நிறுவனம் உடல் உழைப்பை அளக்க ஒரு கேள்வித்தாள் வச்சிருக்கு. அதுல வேலை, போக வர நடக்கிறது, ஓய்வு நேரத்துல பண்றதுன்னு மூணு பகுதி உண்டு. வீட்டு வேலையும் வேலைக் கணக்குலதான் வரும். "உடற்பயிற்சி பண்றீங்களா"ன்னு மொட்டையாக் கேட்டா, இடுப்புல குடத்தோட நிக்கிற நம்ம ஊர்ப் பொம்பளைகூட "அதெல்லாம் இல்லீங்க"ன்னுதான் சொல்லுவா. அடுத்த தடவை அந்தப் பிள்ளை வந்தா பாலம் தாண்டிப் போனதையும் தூக்கின வாளியையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஆனா இப்ப நீங்க பண்றதுக்கு என்னை மார்க் போடச் சொன்னா நானும் கம்மியாத்தான் போடுவேன். கல்லாவுல உக்கார்றதும் நின்ன இடத்துல சட்னி ஊத்துறதும் காலைக் கடுக்க வைக்கும், உடம்புக்கு உழைப்பா ஆகாது. சும்மா உக்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியை 1ன்னு வச்சா, 3 மடங்கைத் தொட்டாத்தான் மிதமான உழைப்பு. நின்னுக்கிட்டுக் கரண்டி பிடிக்கிறது ஏறக்குறைய 2லயே நின்னுரும். வேகமா நடந்தா 3ஐத் தாண்டும். இதுக்குக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்துல வர்றவகிட்ட பேச முடியணும், பாட முடியக்கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தல. பேசவே மூச்சு வாங்கினா குறைச்சுக்கங்க.

தெரு விஷயம். இதை எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்லித் தரமாட்டாங்க, ஆனா முக்கால்வாசிப் பேர் நடக்காம இருக்கிறதுக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். எங்க தெரு டெய்லர் பொண்ணுகிட்ட ரவிக்கைக்கு உள்பக்கமா ஒரு பை வச்சுத் தைக்கச் சொன்னேன். அதுக்குள்ள மெத்துன்னு பருத்தித் துணி உறை, உறைக்குள்ள பஞ்சோட கொஞ்சம் கடுகு. வெறும் பஞ்சா இருந்தா நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள மேல ஏறிக்கும், தோள்கிட்ட வந்து நிக்கும். கடுகோட கனம் இருந்தா இருக்கிற இடத்துல இருக்கும். துவைக்கிற அன்னைக்குக் கடுகைக் கொட்டி எடுத்துருவேன். கரண்டு வச்ச தோல் நல்லா ஆறினதுக்கு அப்புறம் இதைச் செய்யுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம், உரசும். சிலிக்கான்ல செஞ்சதும் கடையில கிடைக்குது, விலைதான் கூட. தலைக்குக் காட்டன் துண்டைச் சுத்தி ஒரு முடிச்சு. தெப்பக்குளத்துல காது வரைக்கும் மஃப்ளர் சுத்திக்கிட்டு வர்ற ஆம்பளைங்க நூறு பேர், உங்களை யாரு திரும்பிப் பார்க்கப் போறாங்க?

"எப்படிம்மா இருக்கு"ன்னு கேக்கிறவங்களுக்கு என்கிட்ட ஒரே பதில்தான். "நல்லாருக்கேன், நடந்துக்கிட்டே பேசலாம் வாங்க." பாதிப் பேர் அங்கேயே கழண்டுருவாங்க.

உங்க தெரு ஆகாதுன்னா மொட்டை மாடி. அதுவும் இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்குங்க, டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட்டு இல்ல, நஷ்டம் ஒண்ணுமில்ல. தெப்பக்குளம் ஒரு சுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே வரும், திருமலை நாயக்கர் தாராளமாத்தான் வெட்டியிருக்கார். முதல் நாளே முழுச் சுத்து வேண்டாம். ஒரு பக்கம் நடந்து, படியில உக்கார்ந்து, திரும்பி வாங்க.

மீனாட்சி கோயிலுக்குள்ள ஆடி வீதியில சுத்தலாம்னு சொல்லுவாங்க, நிழலு, நல்ல இடம், கேள்வி கேக்க ஆளில்ல. நானும் ஆசைப்பட்டேன். ஆனா கீமோவுல சில மருந்து கால் விரலை மரத்துப்போக வச்சிரும். செருப்பில்லாம சூடான கல்லுல நடந்தா பொத்துப் போனதுகூடத் தெரியாது. திருப்பரங்குன்றத்துல மலையைச் சுத்துறதுக்கும் இதேதான். உங்களுக்குக் காலு மதமதன்னு இருந்தா ஷூ போட்டு நடக்கிற இடமாப் பாருங்க. சேலைக்குக் கீழ ஷூவான்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

கையைப் பத்திப் படிச்ச ஆளு யாராவது சொல்லட்டும். நான் பண்ணினதை மட்டும் சொல்றேன். சமையக்கட்டுச் சுவத்துல விரலை எறும்பு மாதிரி ஏத்தி, எட்டின உயரத்துல சாக்பீஸால கோடு போட்டு தேதி எழுதுவேன். அடுத்த கோடு மேல போகணும். கீழ போனா ஏன்னு யோசிக்கணும். வெள்ளையடிச்சப்பவும் அந்தப் பட்டையை மட்டும் அழிக்க விடல.


பிசியோ, கே.கே.நகர்:

டீச்சரம்மா என் வேலையில் பாதியை முடித்துவிட்டார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்தவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன்.

அக்கா, உங்களுக்கு நடந்திருப்பது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஹீல் என்ற ஆய்வில், நோய் தெரிவதற்கு முன்னும் பின்னும் பெண்கள் எவ்வளவு உடலை அசைத்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். வாரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் குறைந்திருந்தது. விளையாட்டு, உடற்பயிற்சி என்று எடுத்துக்கொண்டால், அறுவை மட்டும் செய்தவர்களுக்குக் கால்வாசி குறைவு. கீமோவும் கரண்டும் எடுத்தவர்களுக்குப் பாதி போய்விட்டது. நம்மூரில் இதோடு வாசல் கட்டில் அத்தைமார்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அசதியைப் பற்றிக் கேட்டீர்கள். இது வேலை செய்து வரும் அசதி இல்லை. அப்படியிருந்தால் தூங்கி எழுந்ததும் போயிருக்கும். படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், இளைத்த தசைக்குச் சின்ன வேலையும் பெரிய வேலையாகிவிடும், மறுபடி படுக்கத் தோன்றும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது: மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில் 30 நிமிடம், வாரம் 3 நாள், சுமார் 12 வாரம் தொடர்ந்து செய்தால் இந்த அசதி குறையும். மனச்சோர்வும் பதற்றமும்கூட. பொதுவாக எல்லாருக்கும் சொல்லும் அளவு வாரம் 150 நிமிடம். நீங்கள் அதை இப்போது மறந்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, அது சுலபமாகிவிட்டால் ஐந்து கூட்டுங்கள். கடை ஏவாரம் முடிந்து அசந்த பிறகு நடக்க வேண்டாம். மருமகள் முதல் ஈடு எடுக்கும்போது நீங்கள் நடந்துவிட்டு வந்து கல்லாவில் உட்காருங்கள். சித்திரை வெயிலில் ஏழு மணிக்கு மேல் வெளியே வேண்டாம்.

காலையில் விரல் மடங்காதது, முட்டி பிடிப்பது: லெட்ரோசோல் வகை மாத்திரைகளுக்கு இது வழக்கம். இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இப்படி மூட்டு வலியோடு இருந்த 121 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் 2 நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு மூட்டு வலி 29% குறைந்தது. மற்றவர்களுக்கு அப்படியே இருந்தது. இந்த மாத்திரை எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும், அதற்கும் நடையும் எடையும் நல்லது.

இப்போது வாளி. அத்தையின் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். நெறிக்கட்டி எடுத்த கை வீங்கலாம், அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். முன்பு மருத்துவர்களும் அந்தக் கையால் கனமாக எதையும் தூக்காதே என்றுதான் சொன்னார்கள். 2009இல் வந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்கள். பாதிப் பேர் வாரம் 2 முறை எடை தூக்கினார்கள், மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள், கைக்கு அழுத்த உறை போட்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் அதிகமாகக் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமானது தூக்கியவர்களில் 14% பேருக்கு, தூக்காதவர்களில் 29% பேருக்கு.

அதனால் வாளிக்குத் திரும்பலாம், நாளைக்கே இல்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள். பத்துத் தடவை தூக்கி இறக்குங்கள், வாரம் இரண்டு நாள். மறுநாள் கை கனக்கவில்லை, மோதிரமோ வளையலோ இறுகவில்லை என்றால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவையாவது பிசியோவிடம் நேரில் காட்டி, முறையைக் கற்றுக்கொண்டு, இரண்டு கையின் சுற்றளவையும் டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழவியைக் கழட்டித் தூக்கும் வேலை மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், ஈரக் கையில் வழுக்கும்போது கை வெடுக்கென்று இழுபடும்.

உங்கள் கடையில் எனக்குப் பயம் வாளி இல்லை, ஆவி. கொப்பரை மூடியைத் திறக்கும்போது இடது கையில் ஆவி அடித்து, தோல் வெந்து, அதில் கிருமி புகுந்தால்தான் வீக்கம் சீக்கிரம் வரும். மூடியை வலது கையால், உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். அந்தக் கையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ கொடுக்காதீர்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நடக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். கீமோவில் சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின் வகை) ஏற்றினார்களா? அதுவும், சில வகை மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியும் சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும். எக்கோ (இதய ஸ்கேன்) எப்படி இருக்கிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று டாக்டரிடம் தெரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, புதிதாக முதுகிலோ இடுப்பிலோ விடாத எலும்பு வலி, இவை வந்தால் நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு.


திருமங்கலம் தம்பி:

நான் சொன்னத டீச்சர் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க, சரி. அம்மாவ இன்னைக்குச் சாயங்காலம் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். ஒரு கேள்வி சார். நடந்தா இந்த நோய் திரும்ப வராதுன்னு வாட்ஸ்அப்புல வருதே, நெசமா?


பிசியோ, கே.கே.நகர்:

அப்படி யாரும் சத்தியம் செய்ய முடியாது தம்பி. அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 2005இல் வெளியானது, மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு வாரம் 3 முதல் 5 மணி நேரம் நடக்கும் அளவு அசைந்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் திடமாக இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள், அதனால் நடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2025இல் வெளியான, பெருங்குடல் புற்றுநோய்க்கு 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வில், 3 வருடம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அது குடல். மார்புக்கு அதை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. அம்மாவுக்கு அசதி குறையும், தூக்கம் வரும், மாடி ஏறுவார்கள். நடக்க வைக்க இது போதும். மாத்திரைக்குப் பதிலாக நடை என்று மட்டும் யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள்.


இட்லிக்கடை அக்கா, செல்லூர்:

டாக்டர் தம்பி எழுதுனத மகன் சத்தமா வாசிச்சான், அத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. 14, 29 எல்லாம் அவுக காதுல ஏறல. "ஆவி பட்டாத்தான் வீங்குமாம்ல"ங்கிறத மட்டும் பிடிச்சுக்கிட்டாக. இப்ப நான் கொப்பரைக்குப் பக்கத்துல போனாச் சத்தம், வாசல்ல இறங்குனா சத்தமில்ல. அது வரைக்கும் லாபம்.

சிவப்பு மருந்து ஏத்துனாக. எக்கோ எடுத்தது ஃபைல்ல இருக்கு, அடுத்த செக்கப்புல கேட்டுக்கிறேன். காலு மதமதன்னுதான் இருக்கு டீச்சர், அதுனால கோயில் வேண்டாம். தெப்பக்குளத்துக்கு இங்கருந்து ரெண்டு பஸ் மாறணும், ஏவார நேரத்துல தோதுப்படாது. வெள்ளன வெளிச்சம் வந்ததும் பாலத்து வரைக்கும் போயிட்டுத் திரும்புறேன். நாய்தான் தொந்தரவு, மகன் கம்போட கூட வாரேங்கிறான்.

குழவி தூக்காம இருக்க டில்டிங் கிரைண்டர் வாங்கலாம்னு மருமக சொல்லுது. பழசு எங்கயாச்சும் நல்லதாக் கிடைச்சாச் சொல்லுங்க. கைக்குப் போடுற உறையும் எங்கிட்டு வாங்குறது, நம்மளே அளவு பாத்து வாங்கிக்கலாமா?


பிசியோ, கே.கே.நகர்:

உறையை நீங்களாக வாங்காதீர்கள் அக்கா. அளவு தப்பினால் விரல் பக்கம் வீங்கிவிடும். வீக்கமே இல்லாத கைக்கு உறை தேவையா என்பதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளவெடுத்த பிறகு முடிவு செய்யலாம்.


தெப்பக்குளம் டீச்சர்:

போடச் சொன்னா ரெண்டா வாங்குங்க, ஒண்ணு துவைக்க ஒண்ணு போட. சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடணும். நம்ம மதுரை வெயில்ல கொடியில போட்டா எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிரும். முறுக்கிப் பிழியவும் வேண்டாம், துண்டுல சுருட்டி அமுக்கி எடுங்க. கிரைண்டருக்கு, என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் ஓட்டலை மூடிட்டுச் சாமான் விக்கிறான். விலை கேட்டு உங்களுக்குத் தனியா அனுப்புறேன்.